சேவல் யூதாஸான கதை

தம்பி,

நேற்று நீ கொழும்பிலிருந்து போனில் கூப்பிட்டு, கலியாண வரவேற்பில் உன் சிநேகிதர்கள் ஒரு சின்ன நாடகம் போடப்போகிறார்கள், அதில் நானும் உன் மாமனாராகப் போகிறவரும் மேடையேற வேண்டும் என்று சொன்னாய். என்ன நாடகம் என்று கேட்டேன். "வேற என்னப்பா, நீங்க யூதாஸா நடிச்சு, தூக்குல தொங்கப் போயி, கொப்பு முறிஞ்சு விழுந்து, சேவல் மாதிரி கூவுனீங்களே, அதுதான்" என்றாய். சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உன் அம்மாவும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன். யோசித்ததை இப்போது எழுதுகிறேன். வாயால் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், உன் அம்மா நடுவில் திருத்துவாள். கடிதத்தை யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது.

முதல் காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் யூதாஸ் இல்லை. நான் சேவல். இதை நீ பிறந்த நாள் தொட்டுக் கேட்டிருக்கிறாய், கேட்கும்போதெல்லாம் "சரிப்பா, சரிப்பா" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போயிருக்கிறாய். இந்த ஒரு தரமாவது முழுதாகக் கேள். நாற்பது வருடத்துக்கு முன்னால், கலஹாப் பக்கம் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் ஆண்டவருடைய பாடுகளை நாடகமாகப் போடுவது வழக்கம். கோயில் முற்றத்தில் மேடை. பழைய சாக்குகளைத் தைத்துத் திரை. நடுவில் வெட்டிக்கொண்டு வந்து நட்ட ஒரு பெரிய சவுக்குக் கொப்பு, அதுதான் யூதாஸ் நான்றுகொள்ளும் மரம். அந்த வயதில் நான் ஈர்க்குச்சி மாதிரி இருப்பேன், குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். அதனால் நாடகத்தைப் பழக்கிய கோயில் உபதேசியார் எனக்குச் சேவலைக் கொடுத்தார். ஆண்டவருடைய சீடர் இராயப்பர் மூன்றாம் தரம் "அவரை எனக்குத் தெரியாது" என்று மறுதலித்தவுடன், நான் திரைக்குப் பின்னாலிருந்து கூவ வேண்டும். அவ்வளவுதான் பாத்திரம். அங்கி கிடையாது, முகத்துக்குப் பூச்சு கிடையாது. ஒரு மாதம் நாங்கள் இருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நின்று கூவிக் கூவிப் பழகினேன். ஊர்ச் சேவல்களெல்லாம் குழம்பிப்போய்ப் பகலில் கூவத் தொடங்கின.

யூதாஸாக நடித்தவர் சவரிமுத்து. ஆம், உன் மாமனார். எனக்குப் பக்கத்து லயம், என் வயது. இராயப்பராக நடித்தவர் எங்கள் தோட்டத்துத் தையல்காரர். நான் கூவி முடித்தேன், நன்றாகத்தான் கூவினேன். அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் எனக்கு இந்தக் கதியில்லை. "கூவுனது போதும், சும்மா நிக்காம அந்தக் கொப்பைப் புடி, மண்ணு ஈரமா இருக்கு" என்றார் உபதேசியார். நான் மரத்துக்குப் பின்னால் நின்று பிடித்துக்கொண்டேன். சவரி அழுது அழுது வசனம் பேசினார். உள்ளபடியே கண்ணீர் விட்டார், முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அங்கிக்குள் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றோடு தேயிலைப் பெட்டி மேலிருந்து குதித்தார். கொப்பு படாரென்று முறிந்தது. சவரி மல்லாக்காக என் மேல் வந்து விழுந்தார். அவருடைய முழங்கை நேராக என் வாய்க்குள் போனது. அவரும் நானும் கொப்பும் உருண்டு முன்னால் வந்தோம், சாக்குத்திரை அறுந்து சவரியை மூடிக்கொண்டது. என் முன்பல்லில் பாதி போய்விட்டது. கொப்பிலிருந்து அறுந்த கயிறு கையில் சிக்கியபடி எழுந்து நின்று வலியில் கத்தினேன். ஒரு மாதமாகக் கூவியே பழகிய வாய் அல்லவா, கத்தினால் அதுவும் கூவலாகத்தான் வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பங்குச் சுவாமி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார், தோள் மட்டும் குலுங்கியது.

நடந்தது இதுதான். ஒருவர் விழுந்தார், ஒருவன் கூவினான். ஆனால் சாக்குக்குள் கிடந்தவரை யார் பார்த்தார்கள்? கயிற்றோடு நின்றவனைத்தான் பார்த்தார்கள். இருந்தாலும் முதல் ஒன்றிரண்டு வருடம் ஊர் அதைச் சரியாகத்தான் சொன்னது. பிறகு சவரியின் குடும்பம் ஹுன்னஸ்கிரியப் பக்கத் தோட்டம் ஒன்றுக்குப் போய்விட்டது. தையல்காரர் குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விட்டார். மிச்சம் கண்ணுக்கு முன்னால் நடமாடியவன் நான் ஒருவன். கதை சொல்கிறவர்களுக்கு இல்லாத ஆளின் பெயரைச் சொல்வதைவிட இருக்கிற ஆளைக் கையால் காட்டுவது சுலபம். அப்புறம் நான் கண்டியில் கிளார்க் வேலைக்கு வந்து, அம்பிட்டியவில் குடியேறி, தாடியும் வைத்தேன். கோயில் பங்குச் சபையில் என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். அன்றைக்கே கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அப்போஸ்தலர்கள்ல பணப்பை வச்சிருந்தது யாருங்க?" என்று கேட்டார். யூதாஸ்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். கலஹாவிலிருந்து வந்த இன்னொருவர் என் பழைய கதையை எடுத்துவிட்டார். நான் எழுந்து, அது நான் இல்லை என்றேன். சிரித்தார்கள். சத்தியமாக நான் இல்லை என்றேன். இன்னும் சிரித்தார்கள். மூன்றாம் தரம் மேசையில் தட்டி, "அந்த யூதாஸ் நான் இல்லை" என்று நான் சொன்னதும், பின்வரிசையிலிருந்து எவனோ ஒருவன் "கொக்கரக்கோ" என்றான். அதோடு என் கேஸ் தள்ளுபடி.

உன் அம்மாவின் சாட்சி இன்னும் பலமானது. அவள் அம்பிட்டியவில் பிறந்து வளர்ந்தவள், எங்கள் கலியாணத்துக்கு முன் கலஹாவை எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் விருந்தாளிகள் வந்தால், தான் இரண்டாம் வரிசையில் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொல்வாள். யூதாஸ் தொங்கிய கயிறு நீல நைலோன் கயிறு என்பாள். "நீ அங்க இல்லவே இல்லையே" என்று ஒருமுறை கேட்டேன். "இல்லாமலா கயிறு நீலம்னு எனக்குத் தெரியும்?" என்றாள். உள்ளதைச் சொன்னால் அது தேங்காய்த் தும்புக்கயிறு. ஆனால் அவள் இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி, இப்போது கண்ணை மூடினால் எனக்கும் நீலமாகத்தான் தெரிகிறது. நீ மட்டும் என்னவாம்? ஏழாம் வகுப்பில் "என் தந்தை" என்று கட்டுரை எழுதினாய். "நான் முன்வரிசையில் அமர்ந்து என் தந்தை மரத்திலிருந்து விழுவதைக் கண்டேன்" என்று அதில் வந்தது. நீ அப்போது பிறக்கவே இல்லை. உன் தமிழ் டீச்சர் முதல் பரிசும் கொடுத்து, என்னைப் பாடசாலை வாசலில் கண்டு, "நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன், சேர்" என்றார். நாடகம் நடந்தபோது அவருக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளையின் வயதுகூட இருந்திருக்காது. நம் சந்தியில் நிற்கும் திரீவீலர்காரத் தம்பி பௌத்தர், யூதாஸ் யாரென்றே அவருக்குத் தெரியாது. ஊர் கூப்பிடுவதைக் கேட்டு அதை என் பரம்பரைப் பெயர் என்று நினைத்து, ஐயா என்பதைச் சிங்களத்தில் சேர்த்து, மிக மரியாதையாக "ஜூதாஸ் மஹத்தயா" என்று கூப்பிடுகிறார். நானும் ஏறி உட்காருகிறேன்.

இவர்கள் எல்லோரும் பொய்க்காரர்கள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பொய் சொல்கிற நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். ஒருவரோடு ஒருவர் பேசி வைக்காமல் நாற்பது பேர் ஒரே பிழையை ஒரே மாதிரிச் சொன்னால் அது பொய்யாக இருக்க முடியாது. நடந்ததில் பாதியைத்தான் மனுசன் பார்க்கிறான், மறுபாதியை "இப்படித்தான் இருந்திருக்கும்" என்று தானே போட்டு நிரப்பிக்கொள்கிறான். இடியப்ப உரலில் யார் மா போட்டாலும் வருவது இடியப்பம்தானே. நம் எல்லோரிடமும் இருப்பது ஒரே உரல். தாடி, பணப்பை, கையில் கயிறு, இந்த மூன்றையும் போட்டுப் பிழிந்தால் யூதாஸ்தான் வருவான், சேவல் எப்படி வரும்? அதற்குமேல் அவர் சொன்னதை இவர் கேட்டு, இவர் சொன்னதை அவரே திரும்பக் கேட்டு, "பார்த்தீர்களா, அவரும் சொல்கிறார்" என்று அவரவர் கண்ணால் கண்டதாகவே ஆகிவிடுகிறது. கேட்டதும் பார்த்ததும் மனதுக்குள் ஒரே அலுமாரியில்தான் கிடக்கின்றன. எது எந்தத் தட்டில் இருந்தது என்று எடுக்கும்போது யாருக்கும் தெரிவதில்லை.

இவ்வளவு ஞானம் இருந்தும், நிரோஷினியைப் பெண் கேட்க ஹுன்னஸ்கிரியவுக்கு வேன் பிடித்துப் போன அன்று எனக்கு வேறு ஒரு ஆசை இருந்தது. பெண்ணின் தகப்பன் எங்கள் தோட்டத்துச் சவரிமுத்து என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உலகத்தில் உண்மை தெரிந்த ஒரே சாட்சி! என்னைப் பார்த்ததும், "அன்னைக்கு நான் இவர் மேலதான் விழுந்தேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உன் அம்மா வாயடைத்துப் போவாள், பங்குச் சபை வெட்கப்படும். பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு நான்தான் முதலில் படியேறினேன், உனக்கு ஞாபகம் இருக்கும். சவரி வாசலுக்கே ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "வாங்க சம்மந்தி, வாங்க! நாப்பது வருசம் கழிச்சு யூதாஸ் என் வீட்டு வாசப்படிய மிதிக்கிறாரு!" என்றார். வேடிக்கை செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். மனுசனுடைய கண்ணில் கள்ளம் இல்லை. "நீங்க விழுந்தப்ப ஓடிவந்து தூக்குனது யாரு? நான்தானே! இராயப்பர் அங்கியோட அப்படியே ஓடிவந்தேன்ல?" என்று என் தோளை உலுக்கினார். வீடு நிறைய இருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உன் மாமியார் பட்டர் கேக் தட்டோடு வந்து, "அன்னைக்கு இராயப்பரா இவரு அழுததைப் பாத்துத்தாங்க இவரைத்தான் கட்டுவேன்னு வீட்டுல அடம் புடிச்சேன். ஒரு ஆம்பிள அப்படி அழுது நான் அதுவரைக்கும் பாத்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். அவர் பார்த்தது உண்மை, தம்பி. சவரி அழுததும் உண்மை. ஆனால் அழுதது யூதாஸாக. அதை நான் அங்கே எப்படிச் சொல்வேன்? "அம்மா, நீங்கள் ஆசைப்பட்டது யூதாஸை, இந்த வீடு, இந்தப் பிள்ளை எல்லாம் யூதாஸால் வந்தது" என்று பெண் கேட்கப் போன இடத்தில் சொல்லவா? கேக்கோடு சேர்த்து அதையும் விழுங்கினேன். அப்புறம் சவரி தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டும்போது சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே வெள்ளையாக ஒரு தழும்பு. அரைப்பல்லின் அளவு. எனக்கு அந்த அளவு நன்றாகத் தெரியும், மிச்ச அரை என் வாயில் இருக்கிறது. "இது என்னா சம்மந்தி?" என்று மெதுவாகக் கேட்டேன். சவரி தழும்பைத் தடவிப் பார்த்தார். "இதா? கலஹாவுல இருக்கப்ப ஒரு சொறிநாய் கடிச்சிருச்சி" என்றார். நாற்பது வருடமாக யூதாஸ் என்று பெயர் கேட்டவன், அன்றைக்கு நாயாகவும் ஆனேன்.

திரும்பி வரும்போது வேனில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். தெல்தெனிய தாண்டும்போது நீ முன்சீற்றிலிருந்து திரும்பி, "அப்பா, பொண்ணைப் புடிக்கலையா?" என்று கேட்டாய். கேட்கும்போது உன் முகம் சுருங்கியிருந்தது. "பல்லுவலிடா" என்றேன். அது ஒரு வகையில் உண்மையும்கூட. ஆனால் அன்றே மனதுக்குள் ஒரு திட்டம் போட்டுவிட்டேன். கலியாண மண்டபத்தில் என் கையில் மைக் வரும். எல்லாப் பொய்ச்சாட்சியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும். சவரியின் சட்டைக் கையைச் சுருட்டி, என் பல்லைக் காட்டி, ஊரறிய என் பெயரை மீட்டுக்கொள்வது. சும்மா சொல்லவில்லை, எனக்கு அது அவ்வளவு தேவையாக இருந்தது. அறுபது வயதாகிறது. நாளைக்கு உன் பிள்ளைகள் என்னை "யூதாஸ் தாத்தா" என்று கூப்பிடும், என் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போதுகூட நாலு பேர் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த நினைப்பு எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது. நேற்று நீ போன் எடுத்தபோது, மைக்கில் என்ன பேசுவதென்று ஒத்திகைதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நேற்று நீ போனை வைக்குமுன் இன்னொன்றும் சொன்னாய். "சின்ன வயசுல நீங்க என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போயி பெரஹரா ஊர்வலத்துல யானை காட்டுனீங்களேப்பா, அந்த மாதிரி நானும் என் புள்ளைக்குக் காட்டணும்" என்றாய். அதைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. தம்பி, அது நான் இல்லை. அன்றைக்கு இந்த அரைப்பல் வீங்கி, கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு நான் வீட்டில் சுருண்டு கிடந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போனது உன் அம்மா. கூட்டத்தில் உனக்குத் தெரியவில்லை என்று தோளில் ஏற்றி, கடைசி யானை போகும் வரைக்கும் நின்றிருக்கிறாள். பிறகு ஒரு வாரம் அவளுக்குக் கை தூக்க முடியவில்லை, நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். போனை வைத்ததும் அவளிடம் கேட்டேன். "நீங்கதாங்க தூக்குனீங்க. நான் பின்னால நின்னேன், யானையே தெரியல, உங்க முதுகுதான் தெரிஞ்சிச்சி. தோளுக்குத் தைலம் நான்தானே தேச்சுவிட்டேன்" என்றாள். மூன்று தரம் மறுத்தேன். வெங்காயம் உரித்த கையாலேயே என் கன்னத்தில் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

அதற்குப்பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். செய்யாத ஒன்றுக்கு ஊர் எனக்கு யூதாஸ் பட்டம் கொடுத்தது. செய்யாத இன்னொன்றுக்கு நீ எனக்கு அந்தத் தோளைக் கொடுத்திருக்கிறாய். இரண்டும் ஒரே உரலில் பிழிந்தவைதான், தகப்பன் என்றால் தோள், தாடி என்றால் யூதாஸ். மேடையேறி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, மற்றதையும் கொடுக்க வேண்டும். உன் அம்மாவுக்குச் சேர வேண்டியதை இந்தக் கடிதத்தில் எழுதிவிட்டேன். நீ நம்பமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதினேன். உன் தலைக்குள் இருக்கும் அந்தத் தோளை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை, தம்பி. இந்த முறை வீட்டுக்கு வரும்போது அவள் தோளைக் கொஞ்சம் பிடித்துவிடு. ஏன் என்று கேட்டால் சும்மா என்று சொல்.

இதிலிருந்து உனக்கு ஒரு புத்தி சொல்லாவிட்டால் நான் தகப்பன் இல்லை. கலியாணமான பிறகு ஒரு நாள், நீ சொல்லவே சொல்லாத ஒன்றைச் சொன்னதாக நிரோஷினி சொல்வாள். எந்தக் கதிரையில் உட்கார்ந்து, எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு சொன்னாய் என்பதுவரை சொல்வாள். அவள் பொய் சொல்கிறாள் என்று நினைக்காதே. நீ சொல்வதுதான் சரி என்றும் நினைக்காதே, நீல நைலோன் கயிற்றை நானே பார்க்கத் தொடங்கிவிட்டேன் என்று மேலே எழுதினேன் அல்லவா? தோற்றுப்போ. வீட்டுக்குள் தோற்றால் யாருக்கும் தெரியாது. சில வருடம் போனால், நீ ஜெயித்ததாகக்கூட அவள் சொல்லக்கூடும்.

ஆகவே, உன் சிநேகிதர்களிடம் சொல், நான் நடிக்கிறேன். யூதாஸாகவே நடிக்கிறேன். சவரி இராயப்பர் அங்கியைப் போட்டுக்கொண்டு அழட்டும், உன் மாமியார் முன்வரிசையில் இருந்து பார்க்கட்டும். உன் அம்மாவை இரண்டாம் வரிசையில் உட்காரவை, மஞ்சள் சேலை நானே எடுத்துத் தருகிறேன். கயிறு நீல நைலோனாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒருவரும் நம்பமாட்டார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். முழங்கால் பழைய மாதிரி இல்லை, விழுந்தால் எழும்ப மாட்டேன். அதனால் கொப்புக்குப் பின்னால், நான் அன்றைக்கு நின்ற இடத்தில், நீ வந்து நின்றுகொள். மாப்பிள்ளை மேடையில் எங்கே என்று யாரும் தேடினால் தேடட்டும். நான் மல்லாக்காக உன் மேல்தான் வருவேன். பிடித்துக்கொள். பிடிக்கும்போது வாயை இறுக்கி மூடிக்கொள், கலியாணப் போட்டோவுக்கு உனக்குப் பல் முழுசாக வேண்டும். தப்பித்தவறி என் முழங்கையில் பல் பட்டுவிட்டாலும் கவலைப்படாதே. யாரும் கேட்டால், அம்பிட்டிய நாய் கடித்தது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா